நாற்பத்தாறு வினாத்தாள்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலாண்டுத் தேர்வில், என் பத்தாம் வகுப்பு மாணவிகளில் பத்தொன்பது பேர் ஒரு கோபுரத்தின் உயரம் மூன்று சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பள்ளி மயிலாப்பூரில் இருந்தது. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு கோபுரம் தெரியும். தேர்வு எழுதும்போது யாரும் தலையைத் திருப்பி அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணின் தாளை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அடையாற்றில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தத் தாள்களைத் திருத்தினேன். பத்தொன்பது பேரும் நான்காவது வரியில் ஒரே எண்ணை எழுதி அடித்திருந்தார்கள். அடித்த பிறகு அதே எண்ணைத் திரும்ப எழுதியிருந்தார்கள். காப்பி அடிப்பதில்கூட இவ்வளவு சிரத்தை வேண்டுமா என்று தோன்றியது. எனக்கு அப்போது பதினான்கு வருட அனுபவம். கோபம் வரவில்லை. இன்னும் நூற்று இருபது தாள்கள் பாக்கி இருந்தன.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். தள்ளித் தள்ளி உட்கார வைக்கச் சொன்னார். ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் உட்காரும் வகுப்பில் தள்ளி உட்கார வைத்தால் பாதிப் பேர் தாழ்வாரத்தில் உட்கார வேண்டும். தாழ்வாரத்தில் ஆறாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். கிண்டியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தவளிடம் கோபுரக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு ஃப்ளாப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"டீச்சர், இது கணக்குப் பரீட்சைக்குக் கேள்வி தயார் பண்ற ப்ரோக்ராம். வெளிநாட்டுல ஒரு வாத்தியார் எழுதியிருக்கார். ஒரே கேள்வி, ஆனா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நம்பர் போட்டுக் கொடுக்கும். விடையும் தனியா கொடுக்கும்."

"யாராவது கேட்டா என்ன சொல்றது? இதைப் போட அனுமதி இருக்கா?"

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு அவரே எழுதியிருக்கார். ரெண்டாவது ஃப்ளாப்பில அந்த ப்ரோக்ராமை எப்படி எழுதினார்ன்றது முழுசா இருக்கு. நமக்கு வேணும்கிற மாதிரி மாத்திக்கலாம். மாத்தினா மத்தவங்களுக்கும் கொடுக்கணும், அவ்வளவுதான்."

இந்த மாதிரி ஏற்பாட்டை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. தலைமையாசிரியையும் கேள்விப்பட்டதில்லை. அவர் ஃப்ளாப்பியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"யாரோடது இது?"

"ஒருத்தர் எழுதினது, மேடம். ஆனா எல்லாருக்கும் கொடுத்திருக்கார்."

"அது சரி. தப்பு வந்தா யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க" என்றேன். அவர் ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் கம்ப்யூட்டர் அறையில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான். வெளியிலிருந்து முக்கியமானவர்கள் வந்தால் அங்கேதான் உட்கார வைத்து ஹார்லிக்ஸ் கொடுப்பார்கள். மற்ற நேரங்களில் பூட்டியிருக்கும். சாவி ஓர் உதவியாளரிடம் இருந்தது. இருபது வருடம் ரசாயன ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர் அவர். வந்த முதல் நாளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலும் ஒரு வாளி மணல் வைத்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ரசாயன ஆய்வகத்தில் மணல் இருந்தது, அதனால் இங்கேயும் இருந்தது.

"செருப்பைக் கயட்டிட்டு வாங்க டீச்சர்" என்பார் ஒவ்வொரு தடவையும். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாலும் சொல்வார்.

தி.நகரில் ஒரு கோடை விடுமுறையில் ஆறு வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். அதை வைத்துக்கொண்டு ஒருவழியாகப் பழகினேன். விஷயம் கஷ்டமில்லை. கேள்வியை எழுதும்போது எண்கள் வரும் இடத்தில் எழுத்துகளை வைக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் எதிலிருந்து எதுவரை போகலாம் என்று சொல்ல வேண்டும். கடைசியில் விடை காணும் வழியை எழுதிவிட வேண்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். நாற்பத்தாறு பேர் என்றால் நாற்பத்தாறு வினாத்தாள் வரும். ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண் இருக்கும். எனக்கு மட்டும் நாற்பத்தாறு விடைப்பட்டியல்.

அதற்குத் தமிழ் தெரியாது. எங்களுடையது ஆங்கில வழிப் பள்ளி என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் முதல் தடவையாக அச்சடித்தேன். பிரிண்டர் ஊசி ஊசியாகக் குத்தி அடிக்கும் வகை. நாற்பத்தாறு தாள் அடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

"இன்னா டீச்சர் இது, நிறுத்தாம கத்திக்கினே கீது" என்றார் உதவியாளர்.

"கேள்வித்தாள் அடிக்குதுங்க."

"ஒண்ணு அடிச்சு ஜெராக்ஸ் எடுத்தா முடிஞ்சுது."

"எல்லாம் வேற வேற."

அவர் ஒரு தாளை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பிரிண்டர் முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்காகவோ வாளியையும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

அந்த முதல் தேர்வு ஒரு சாதாரண வகுப்புத் தேர்வுதான். தாள்களைக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் வகுப்பு அமைதியானது. அது நல்ல அமைதி இல்லை. பக்கத்துத் தாளில் வேறு எண்கள் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களின் அமைதி.

எண்களுக்கு எல்லை வைப்பதில் நான் ஒரு தவறு செய்திருந்தேன். வயதுக் கணக்கில் அம்மா மகளைவிடப் பெரியவளாக இருக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த விஷயம் கம்ப்யூட்டருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. மூன்று பேருக்கு அம்மா சின்னவளாக வந்திருந்தாள். இரண்டு பேர் எதுவும் சொல்லாமல் போட்டுவிட்டார்கள். மூன்றாவது பெண்ணின் தாளில் அம்மாவின் வயது நான்கு, மகளின் வயது முப்பத்திரண்டு. அவள் எல்லாப் படிகளையும் ஒழுங்காக எழுதி, விடைக்குக் கீழே கோடு போட்டு, அதற்கும் கீழே "இது சாத்தியமில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

அந்தப் பெண் முன் பெஞ்சில் ஓரமாக உட்காருபவள். அவளுடைய அம்மா வீட்டில் வீணை சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பேசினால் சரியாக இருக்கும். அது சில சமயம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும்.

அடுத்த இரண்டு மாதம் எல்லா வகுப்புத் தேர்வுகளும் இப்படியே நடந்தன. தேர்வுக்கு முந்தைய நாட்களில், மதிய இடைவேளையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொள்வதைப் பார்த்தேன். ஏதோ புது வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்து ஒருநாள் கிட்டே போய் நின்றேன். ஒருத்தி இன்னொருத்திக்கு, எந்த எண் வந்தாலும் கோபுரக் கணக்கை எப்படிப் போடுவது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். விடையைக் கொடுக்க முடியாததால் வழியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பி அடிப்பதை நிறுத்துவதற்காக நான் செய்த ஏற்பாட்டில் அவர்கள் கணக்குக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அது என் திட்டத்தில் இல்லை. ஆனால் தலைமையாசிரியை பாராட்டியபோது நான் மறுக்கவில்லை.

எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. திருத்துவது எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு படியாகப் பார்ப்பேன். இப்போது பட்டியலில் விடை இருந்தது. விடை பொருந்தினால் முழு மதிப்பெண். பொருந்தாவிட்டால் மட்டும் மேலே பார்ப்பேன் என்று வைத்துக்கொண்டேன். நாளாக ஆக, பொருந்தாவிட்டாலும் அதிகம் பார்க்கவில்லை. எங்கேயோ தசமத்தைத் தவறவிட்டிருப்பாள் என்று நானே முடிவு செய்து ஐந்துக்கு இரண்டு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். அரையாண்டுத் தேர்வை அப்படித்தான் திருத்தினேன். இரண்டே நாளில் முடிந்தது. மற்ற ஆசிரியைகள் பொறாமைப்பட்டார்கள்.

தாள்களைக் கொடுத்த மறுநாள் காலை ஓர் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். கடை திறக்கும் முன்பே வந்துவிட்டார். மகளின் விடைத்தாளை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் விரித்தார்.

"டீச்சர், நான் எட்டாப்புதான் படிச்சிருக்கேன். தப்பா இருந்தா சொல்லுங்க. பிள்ளைக்கு இந்தக் கணக்கில மூணு மார்க்கு போயிருக்கு. நானும் போட்டுப் பாத்தேன். அவ போட்டதுதான் வருது."

கணக்கு இதுதான்: ஒரு வியாபாரி ஒரு பொருளை 375 ரூபாய்க்கு வாங்குகிறார். அதற்கு அவர் குறிக்கும் விலையில் 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்த பிறகும் 18 சதவீதம் லாபம் கிடைக்கிறது. குறித்த விலை என்ன? மகள் 590 என்று எழுதியிருந்தாள். என் பட்டியலில் 589 இருந்தது. அதை அவரிடம் காட்டினேன்.

அவர் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். மரியாதைக்காக யோசிப்பதுபோல் இருந்தது.

"முந்நூத்தி எழுபத்தஞ்சுக்குப் பதினெட்டு பெர்சன்ட் லாபம்னா நானூத்தி நாப்பத்திரண்டு ரூவா எட்டணாவுக்கு விக்கணும். சரியா டீச்சர்?"

"சரி."

"அது முக்கா பங்கு. முழுசு ஐநூத்தித் தொண்ணூறு. உங்க ஆளு நானூத்தி நாப்பத்திரண்டுலேர்ந்து போட்டிருக்கான். அந்த எட்டணா எங்க போச்சு?"

பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை போட்டேன். இரண்டாவது தடவை தேவையே இல்லை.

"உங்க பொண்ணு போட்டதுதான் சரி" என்றேன்.

"இல்ல, நான் மார்க்குக்காக வரலை. ஆடித் தள்ளுபடியில இந்தக் கணக்கைத்தான் நான் ஒரு மாசம் பூரா போடுதேன். அதுலேயே தப்புன்னா கடையை எப்படி நடத்துதேன்னு எனக்கே ஒரு பயம் வந்துட்டு. பாத்துக்கிடுங்க." மஞ்சள் பையை மடித்துக்கொண்டு கடை திறக்கப் போனார்.

நாற்பத்தாறு தாள்களையும் திரும்ப வாங்கினேன். ஆசிரியர் அறையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் நானே கையால் போட்டேன். நடுவில் முழு எண் வந்தவர்களுக்கு விடை சரியாக இருந்தது. நடுவில் அரை, கால் வந்தவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அந்த அரையையும் காலையும் எறிந்துவிட்டு மேலே போயிருந்தது. அப்படிப் பதினொரு பேர். பதினொரு பேரும் சரியாகப் போட்டிருந்தார்கள். பதினொரு பேருக்கும் நான் இரண்டு மதிப்பெண் கொடுத்திருந்தேன். ஒரு தாளிலாவது மேல்வரியைப் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பதினான்கு வருடமாக மாணவிகளிடம் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம், விடை முக்கியமில்லை, படிகள்தான் முக்கியம் என்பது.

தலைமையாசிரியையிடம் போனேன்.

"எத்தனை பேர்?"

"பதினொண்ணு, மேடம்."

"முன்னாடியே கேட்டேன், தப்பு வந்தா யாரைக் கேக்கறதுன்னு."

"என்னைக் கேக்கச் சொன்னேன்."

"சரி. கேட்டாச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளாஸ்ல நீங்களே சொல்லிடுங்க. மார்க்கை மாத்திக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன். அந்த மெஷினை என்ன பண்ணப்போறீங்க?"

"தப்பு எங்கன்னு பார்க்கணும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அவர் எழுதினது முழுக்க நம்மகிட்ட இருக்கு."

மறுநாள் முதல் பீரியடில் வகுப்பில் நின்று சொன்னேன். அரையாண்டுத் தேர்வில் நான் வைத்திருந்த விடை தப்பு, பதினொரு பேரின் விடை சரி, அந்தத் தாள்களைப் படிக்காமல் திருத்தியது என் தவறு. பெயர்களை வாசித்தேன். ஆசிரியை தப்பு செய்தால் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் என்னைவிடச் சங்கடப்பட்டார்கள் என்றுதான் தோன்றியது. சிலர் மேஜையைப் பார்த்தார்கள்.

முன் பெஞ்சு ஓரத்துப் பெண் எழுந்து நின்றாள். பதினொரு பேரில் அவளும் ஒருத்தி.

"டீச்சர், மார்க்கு சரியாயிடும். எங்கம்மா அடிச்சதுக்கு என்ன பண்றது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அந்த மீதியை எந்த வரியில் எழுதுவது என்பதுபோல் கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நான் "சாயங்காலம் வரேன்" என்றேன்.

அவள் வீடு கோயில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் முதல் மாடி. நான் போனபோது இரண்டு சின்னப் பெண்களுக்கு வீணை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா ஒரு கையால் தாளம் போட்டபடி இன்னொரு கையால் என்னை உட்காரச் சொன்னார். பாடம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண்கள் ஒரே இடத்தில் நான்கு தடவை தப்பாக வாசித்தார்கள். நான்கு தடவையும் அவர் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.

அவர்கள் போனதும் கேட்டார். "அவ ஏதாவது பண்ணிட்டாளா?"

"இல்லை. நான்தான் பண்ணிட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார்.

"மார்க் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. எங்காத்துல அதுக்கெல்லாம் அடிக்கற வழக்கம் கிடையாது. ஏன் போச்சுன்னு கேட்டேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுத்துங்கறா. தன் தப்பை மறைச்சுண்டு ஒரு மெஷின் மேல பழி போட்டுண்டு நிக்கறாளேன்னுதான் ஒண்ணு வெச்சேன். பொய் சொன்னதுக்கு."

"அவ பொய் சொல்லலை. கம்ப்யூட்டர்தான் தப்பு பண்ணிச்சு."

"அது தப்பு பண்ணுமா?"

"பண்ணும். அதைப் பார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கலை."

அவர் எழுந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பெண் வந்து கதவோரமாக நின்றாள்.

"நீ சொன்னது நிஜம்தானாம்."

"தெரியும்மா."

"அப்போ அன்னிக்கே போட்டுக் காமிக்கறதுதானே?"

"காமிச்சேன். நீ பாக்கலை."

அம்மா சிறிது நேரம் வீணையின் மேல் உறையைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இப்போ காமி" என்றார்.

அவள் நோட்டை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நான் திருத்தும்போது பார்த்திருக்க வேண்டிய மாதிரி பார்த்தார். கம்ப்யூட்டர் எந்த இடத்தில் அரையை விட்டது என்பதை அவள் விரலால் காட்டினாள்.

"தாளத்துல அரையிடத்தை விட்டுட்டு எண்ணிண்டு போனா முடிவு எப்படிச் சரியா வரும்?" என்றார் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டரின் பிழையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளிடம் வருத்தம் தெரிவிக்கும் பழக்கம் அந்தத் தலைமுறை அம்மாக்களுக்குக் கிடையாது. அவர் எழுந்து காபி போட உள்ளே போனார். சமையலறை வாசலில் நின்று, திரும்பாமல், "இன்னிக்கு நீ வீணை வாசிக்க வேண்டாம்" என்றார். அந்தப் பெண்ணின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட இல்லை.

தப்பைத் தேடும் வேலை ஜனவரி முழுக்க நடந்தது. இரண்டாவது ஃப்ளாப்பியில் இருந்ததையெல்லாம் அச்சடித்தேன். அறுபதுக்கு மேல் பக்கங்கள், ஒன்றோடொன்று ஒட்டிய நீளக் காகிதம். அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துப் படித்தேன். பாலத்தின் மேல் பஸ் நிற்கும் நேரத்தில் இரண்டு பக்கம் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள் ஒருநாள் அது என்ன பாஷை என்று கேட்டார். எனக்கே சரியாகத் தெரியாது என்றேன். பாதிதான் புரிந்தது. ஆனால் எழுதியவர் கணக்கு வாத்தியார் என்பது தெரிந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் செய்திருந்தார்.

முப்பத்தோராம் பக்கத்தில் அந்த இடம் அகப்பட்டது. இரண்டே வரிகள். கிண்டியில் படிக்கும் பழைய மாணவியின் விடுதிக்குப் போன் செய்து, அவளை வரவழைத்து, வரிகளைப் படித்துக் காட்டினேன்.

"ஆமா டீச்சர். முழு எண்ணை முழு எண்ணால வகுக்கச் சொன்னா அது மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். சொன்னதைத்தான் செஞ்சிருக்கு."

வரிகளைத் திருத்தினேன். ஜவுளிக்கடைக்காரர் மகளின் எண்களைக் கொடுத்தேன். 590 என்று வந்தது. உதவியாளரும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"சரியாயிட்ச்சா டீச்சர்?"

"சரியாயிடுச்சு."

"இதுக்கா ஒரு மாசம்?"

ஆமாம் என்றேன்.

ஃப்ளாப்பியில் அந்த வாத்தியாரின் தபால் விலாசம் இருந்தது. எங்கள் பள்ளியில் ஈமெயில் கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் நீல நிறக் கடிதத்தாள் ஒன்று வாங்கி, எந்தப் பக்கம், எந்த வரி, என்ன தப்பு, நான் என்ன மாற்றினேன் என்று எழுதினேன். குற்றம் சொல்வதுபோல் இருக்கக் கூடாது என்று நன்றியும் எழுதினேன். மாணவிகள் இப்போது நன்றாகக் கணக்குப் போடுகிறார்கள் என்றும் எழுதினேன். வீணை, அடி எல்லாம் எழுதவில்லை. இடம் போதவில்லை.

பொதுத்தேர்வு வந்தது. கணக்குத் தேர்வன்று மையத்தின் வாசலில் நின்றிருந்தேன். எங்கள் பெண்கள் வெளியே வந்து வழக்கம்போல் விடைகளை ஒப்பிட்டார்கள். முதல் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே விடை. இரண்டாவதுக்கும் ஒரே விடை. நான்கைந்து பேரின் முகம் மாறிவிட்டது. ஒருத்தி ஓடிவந்து, "டீச்சர், எல்லாருக்கும் ஒரே ஆன்ஸர் வருது, தப்பாயிடுச்சா?" என்றாள். கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஞாபகப்படுத்தினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இது ஈஸிதான்" என்று சொல்லிவிட்டு ஐஸ்க்ரீம் வண்டியை நோக்கிப் போனாள்.

அந்த வருடம் கணக்கில் எங்கள் பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்தது. நங்கநல்லூரிலிருந்து ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியர் வந்து ஃப்ளாப்பிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். முதல் பத்துத் தாள்களையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. முன் பெஞ்சு ஓரத்துப் பெண் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்தாள். கணக்கு பிடிக்காதா என்று கேட்டேன். "பிடிக்கும் டீச்சர். மத்தவா போட்ட கணக்கைப் பாக்கறதுதான் இன்னும் பிடிக்கும்" என்றாள்.

கோடை விடுமுறை தொடங்கும் சமயத்தில் பள்ளி விலாசத்துக்குப் பதில் வந்தது. தட்டச்சு செய்த ஒரே பக்கம். என் திருத்தம் சரி, அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். நான்கு வருடமாக அந்த மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவைத்திருப்பதாகவும், அதை உண்மையான மாணவர்களிடம் பயன்படுத்தியதாக எழுதிய முதல் ஆள் நான்தான் என்றும் எழுதியிருந்தார். அதற்குமுன் வந்த கடிதங்கள் எல்லாம் அதன் எழுத்துரு அழகாக இல்லை என்று சொன்னவையாம்.

கடைசிப் பத்தியை அவர் வேறு ஒரு நாளில் எழுதியிருக்க வேண்டும். தட்டச்சு நாடா கொஞ்சம் மங்கலாக இருந்தது. தன் பள்ளியில் மூன்று வருடமாக அதே பட்டியலை வைத்துத்தான் தானும் திருத்தியிருப்பதாகவும், பழைய தாள்களை வரவழைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். அதில் ஒரு மாணவன் இரண்டு மதிப்பெண்ணில் தவறி, அந்த வருடத்தைத் திரும்பப் படித்தானாம். உங்கள் மாணவிகளிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார்.

நான் அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்தேன். முதலில் ஆறுதலாக ஏதோ எழுதினேன். அது ஆசிரியர் தின வாழ்த்துபோல் இருந்தது, கிழித்துவிட்டேன். பிறகு நடந்ததை மட்டும் எழுதினேன். வகுப்பில் நின்று நீங்களே சொல்லுங்கள். மென்பொருளின் தப்பு என்று முதலில் சொல்லாதீர்கள், படிக்காமல் திருத்தினேன் என்று சொல்லுங்கள். யாரும் கோபப்படமாட்டார்கள், அது இன்னும் கஷ்டமாக இருக்கும். ஒருவர் மட்டும் எழுந்து பதில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்பார். அவர் வீட்டுக்கு நடந்து போங்கள். அந்த மாணவன் பள்ளியை விட்டுப் போயிருந்தாலும் போங்கள்.

அடையாறு தபால் நிலையத்தில் கடிதத்தைப் போட்டேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.